பரஸ்தானம் வைத்த ரயில்

தோத்தாத்ரிக்குப் பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மல்கூட வராது. பம்பு கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற மேலாளர் அவர். ஒரு திருகாணி மயிரிழை விலகியிருந்தாலும் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படித் திருப்பி அனுப்புகிற சரக்கும் ராகு காலத்தில் வாசலைத் தாண்டக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து விஷ்ணுப்ரியா இதற்காகச் சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டாள்.

அவளுக்கும் ஒரு கிறுக்கு இருந்ததை மறைக்கக் கூடாது. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்தி முடித்த கையோடு முடிச்சூர் வீட்டின் மாடியறைக்கு ஏறிவிடுவாள். அங்கே இரண்டு வருஷமாக ஒரு ரயில் செய்துகொண்டிருந்தாள். ஒரு காலத்தில் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் ஓடிய மீட்டர் கேஜ் மின்சார ரயில், சின்ன அளவில். அந்த வண்டியின் மாடல் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆகவே பித்தளைத் தகட்டை அவளே வெட்டி, மடித்து, பற்றவைத்து நான்கு பெட்டிகள் செய்தாள். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். உள்ளே பெஞ்சுகள் உண்டு, ஜன்னலில் குறுக்குக் கம்பி உண்டு, கூரைமேல் மின்கம்பியைத் தொடும் கைகள் உண்டு. வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் "பொம்மை நன்னா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்கள். இது ஓடுமா என்றுகூட ஒருத்தரும் கேட்கவில்லை.

பெங்களூரில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாடல் ரயில் சேகரிப்பவர்களின் பெரிய கண்காட்சி. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வருவார்கள். வாட்ஸப் குழுவில் அவர்களுடைய படங்களைப் பார்த்துப் பார்த்தே விஷ்ணுப்ரியா நாலு வருஷம் ஓட்டியிருந்தாள். யாரையும் நேரில் பார்த்ததில்லை. இந்த முறை துணிந்து ஒரு மேஜை கேட்டாள். ஏற்பாடு செய்கிற சத்யநாராயணன் கடைசி மேஜையைக் கொடுத்தார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் ரயில் மேஜைமேல் இருக்கவேண்டும், இல்லையென்றால் காத்திருக்கும் இன்னொருவருக்குப் போய்விடும் என்பது நிபந்தனை. அவளுக்குப் பரிசெல்லாம் வேண்டாம். அது என்ன வண்டி என்று தெரிந்த ஒரே ஒருத்தர் குனிந்து பார்க்கவேண்டும், அதுதான் வேண்டும்.

ஒரு மாசமாகத் திட்டம் நடந்தது. பஸ்ஸில் போனால் குலுங்கிக் குலுங்கிப் பற்றவைத்ததெல்லாம் விட்டுப்போகும் என்று ரயிலில் போவதாக முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு சென்ட்ரலில் வண்டி, ஜன்னலோரம் இரண்டு டிக்கெட். பெட்டிகள் உட்காருகிற அளவுக்குப் பஞ்சுத் தகட்டில் குழி வெட்டி, அதைப் பிளைவுட் பெட்டிக்குள் பதித்து, அந்தப் பெட்டிக்கு ஒரு தோள்பையும் தைத்தாயிற்று. இவ்வளவும் ஆன பிறகுதான் தோத்தாத்ரி பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

"வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். பெங்களூர் மேற்கு."

"வெல்லம் வாயில போட்டுண்டு போலாம். அதானே பரிகாரம்?"

"சூலத்துக்குச் சரி. உனக்கு அன்னிக்குச் சந்திராஷ்டமம். அதுக்கு என்ன போட்டுக்கப் போறே?"

"நான் ரயிலைக் காட்டப் போறேன். சந்திரன் என்ன பண்ணினா எனக்கென்ன?"

கடைசியில் பரஸ்தானத்தில் வந்து நின்றது. கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் நல்ல நேரம் பார்த்து, கொண்டுபோகிற மூட்டையில் ஒன்றைப் போகிற திசையில் இருக்கும் இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கிளம்பும்போது அதை எடுத்துக்கொண்டு அப்படியே போகவேண்டியதுதான். மறுபடி வீட்டுக்குள் திரும்பக் கூடாது. தெருவின் மேற்குக் கோடியில் முனிரத்தினத்தின் வீடு. இந்த மனைகளெல்லாம் வயலாக இருந்தபோது அவர்கள் குடும்பத்து நிலம்தான். அவர் மனைவி கிளியம்மாள் நல்ல மாதிரி. 'ஒரு பையை வைத்துவிட்டு வந்தால் தீர்ந்தது, இவர் வாயும் அடங்கும்' என்று விஷ்ணுப்ரியா ஒத்துக்கொண்டாள். அவள் மனதில் இருந்தது ஒரு பழைய பை, அதற்குள் ஒரு புடவை. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வியாழக்கிழமை அவளுக்குப் பள்ளியில் தேர்வு வேலை. திரும்பி வருவதற்குள் அவர் வைத்துவிட்டு வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை மாடியறையில் ரயில் வைத்த பிளைவுட் பெட்டி இல்லை.

முதலில் தானே இடம் மாற்றி வைத்திருப்போம் என்று நினைத்தாள். அலமாரி, மேஜைக்கு அடி, கட்டிலுக்கு அடி என்று தேடினாள். இறங்கி வந்து கேட்டாள். தோத்தாத்ரி தினசரியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"பரஸ்தானத்துக்கு வெச்சேனே. முனிரத்தினம் ஆத்துல."

"ரயிலையா?"

"எது போய்ச் சேரணுமோ அதைத்தானே வெக்கணும்? துணிமணி போய்ச் சேர்ந்து என்ன பிரயோஜனம்?"

அவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். முனிரத்தினம் வீட்டுக் கதவில் பெரிய பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கிளியம்மாளுக்குப் போன் போட்டாள். பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து மணி அடித்தது. முனிரத்தினத்தின் போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. எதிர்வீட்டு தீபா காட்டாங்குளத்தூரில் கல்லூரி வேலைக்குக் கிளம்பி ஸ்கூட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அவங்களா? விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாங்கக்கா. கோவளத்துல கிளியம்மாவோட கூடப்பிறந்த அக்கா இருக்காங்கல்ல, அவங்க மாமனார் தவறிட்டாராம். எடுத்து முடிச்சு, ராத்திரிதான் வருவாங்கன்னு நினைக்கிறேன்."

தீபா போய்விட்டாள். தெரு காலியானது. பின்னால் வந்து நின்ற தோத்தாத்ரியை விஷ்ணுப்ரியா திரும்பிப் பார்த்தாள். பயம் கோபமாக மாற அவளுக்கு ரொம்ப நேரம் ஆகாது.

"வேணும்னுதானே வெச்சேள்?"

"ப்ரியா..."

"நான் போகக் கூடாது. அதை நேரா சொல்லத் தைரியம் இல்ல. அதான் பஞ்சாங்கம், சூலம், சந்திராஷ்டமம். எத்தனை நாளா காத்துண்டு இருந்தேள் இதுக்கு?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. வீட்டுக்குப் போய் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நிறுத்தினார். "கோவளம் போய்ச் சாவி வாங்கிண்டு வரேன்" என்று மட்டும் சொன்னார். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போக ஒரு மணி நேரம் ஆகும், வர ஒரு மணி நேரம். போதும், நேரம் இருக்கிறது என்று அவள் கணக்குப் போட்டாள். சாவு வீட்டு வாசலை மிதித்துவிட்டு வருகிறவர் பயணத்துக்கான பையைத் தொட எத்தனை சாஸ்திரம் பார்ப்பார் என்றும் ஒரு கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கு அவளுக்குச் சாதகமாக இல்லை.

வீட்டைப் பூட்டி, துணிப்பைகள் இரண்டையும் கொண்டுவந்து முனிரத்தினம் வீட்டு வராந்தாவில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இரண்டு மணி நேரம் போயிற்று. தோத்தாத்ரிக்கு அடித்தால் மணி போகிறது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை. போகிற வழியில் எதாவது ஆகியிருக்குமோ என்று ஒரு நிமிஷம் திகிலாக இருந்தது. அடுத்த நிமிஷம், வேண்டுமென்றே எடுக்காமல் இருக்கிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து சத்யநாராயணன் கூப்பிட்டார்.

"மேடம், நாளைக்கு உறுதிதானே? இங்க ஒருத்தர் உங்க மேஜைக்கு உசிரை விட்டுண்டு இருக்கார். வரலைன்னா இப்பவே சொல்லிடுங்க, தப்பா நினைக்க மாட்டேன்."

"வரேன் சார். கண்டிப்பா வரேன்."

"உங்க வண்டி போட்டோவைப் பெரியவர் ஒருத்தர்கிட்ட காட்டினேன். அதுல தினம் ஆபீஸ் போனவராம். பாக்கணும்னு காலையிலேயே வந்துடறேன்னு சொல்லியிருக்கார்."

போனை வைத்த பிறகு அவளால் உட்கார முடியவில்லை. வராந்தா ஜன்னலில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தாள். கூடத்தில், ஜன்னலிலிருந்து ஓர் ஆள் நீளத்துக்கு அப்பால், மூடிபோட்ட தையல் மிஷின்மேல் அவளுடைய பை இருந்தது. தோள்வார் ஜன்னல் பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பிளைவுட் பெட்டி கம்பிக்கிடையில் வராதுதான். ஆனால் பை ஜன்னலருகே வந்துவிட்டால் ஜிப்பைத் திறந்து ரயில் பெட்டிகளை ஒவ்வொன்றாக உருவிவிடலாமே என்று தோன்றியது. கணக்கு டீச்சருக்கு வரக்கூடாத யோசனை. வராந்தா மூலையில் கிளியம்மாளின் ஒட்டடைக் கொம்பு சாய்ந்திருந்தது. நல்ல நீளம். அதை உள்ளே விட்டு, நுனியில் வாரை மாட்டி, மெதுவாக இழுத்தாள். பை நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். மிஷின் மூடி வழவழவென்று இருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? பை சட்டென்று வழுக்கி விளிம்புக்கு வந்து, பாதி வெளியே தொங்கியபடி சாய ஆரம்பித்தது.

விஷ்ணுப்ரியா கொம்பை வாரிலிருந்து உருவி அதன் நுனியைப் பையின் வயிற்றில் வைத்து அழுத்தினாள். பை நின்றது. கொம்பை ஒரு விரல் தளர்த்தினால் சாய்ந்தது. உள்ளே தள்ளிவிடலாம் என்று பலமாக அழுத்தினால் மூங்கில் வளைந்தது, பை மேலே போகாமல் பக்கவாட்டில் திரும்பியது. கீழே மொசைக் தரை. அவள் அப்படியே உறைந்தாள். வலது கை தோள்வரை கம்பிக்குள், முகம் கம்பிமேல், இடது கையில் போன். இப்போது எங்கேயும் போக முடியாது, உட்காரவும் முடியாது. சாவி வரும்வரைக்கும் இந்தக் கோலம்தான்.

தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. தண்ணீர் லாரி ஒன்று பின் தெருவில் போனபோது ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. பையும் அதிர்ந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முதல் பெட்டியின் கதவுக் கைப்பிடிகளை ஊசி முனையில் வைத்து ஒட்டிய வாரம் முழுதும் ஞாபகத்துக்கு வந்தது. தோள் மரத்துப்போய் முழங்கை நடுங்கத் தொடங்கியது. இடது கைக்கு மாற்றலாமென்றால் மாற்றுகிற அந்த ஒரு கணத்தில் விழுந்துவிடும். அவரைத் திட்டுவதற்கு அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள் எல்லாம் தீர்ந்துபோயின.

போன் அடித்தது. தெரியாத எண்.

"டீச்சரம்மா, நான் கிளி பேசறேன். எங்கக்கா பொண்ணு போன்லேந்து."

"கிளியக்கா! அவர் அங்க வந்தாரா? போனே எடுக்க மாட்டேங்கறார்."

"வந்தாரும்மா, எப்பவோ வந்துட்டாரு. வந்தவரு வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசணுமே! செருப்ப கழட்டிப் போட்டுட்டு ஆம்பளைங்களோட பந்தல்ல குந்திக்கினாரு. நான் இன்னா நெனச்சேன், எங்க வூட்டு ஆளு மொகத்துக்காவ மரியாத செய்ய வந்துகீறாருன்னு. ஒப்பாரி வெச்சிக்கினு இருக்கசொல்ல நான் எங்க அவர கவனிக்கறது?"

"சாவி கேக்கலையா?"

"கேட்டாத்தானே! பொணத்த தூக்கறவரைக்கும் குந்தினே இருந்தாரு. தூக்கசொல்ல எழுந்து நின்னு கும்பிட்டாரு. அப்பத்தான் எனக்குப் பொட்டுனு ஒறைச்சுது, பை நம்ப வூட்ல கீதே, இன்னிக்கி ஊருக்குப் போறாங்களேன்னு. சாவிக்குத்தான் வந்தீங்களா சார்ன்னேன். 'பரவால்லம்மா, நீங்க உங்க காரியத்தப் பாருங்க, நான் இருக்கேன்'றாரு. எழவு வூட்ல அழுதுக்கினு கீறவகிட்ட போயி எப்பிடி சாவி கேக்கறதுன்னு கூச்சம் அந்த மனுசனுக்கு. நானே இடுப்புலேந்து எடுத்துக் குடுத்தேன்."

விஷ்ணுப்ரியா போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"நேத்து பைய குடுக்கசொல்ல இன்னா சொன்னாரு தெரியுமா? 'இதுல என் பொண்டாட்டியோட ரெண்டு வருஷம் இருக்கும்மா, தரையில வெச்சிடாதீங்க'ன்னாரு. அதுக்குத்தான் மிஷின் மேல வெச்சேன். பத்தரமா கீதா?"

"இருக்கு அக்கா. நான் பிடிச்சுண்டு இருக்கேன்."

"இன்னாது?"

"ஒண்ணுமில்ல. இப்ப அவர் எங்க?"

"சாவிய வாங்கிக்கினு நேரா கடலாண்ட போனாரு. செல்போன வண்டிப் பொட்டில போட்டுட்டு, போட்ட சட்டையோட முங்கி எழுந்து, அப்பிடியே வண்டி எடுத்துக்கினு வந்துகினு கீறாரு. தீட்டோட உன் சாமானத் தொடக் கூடாதாம். தொவட்டக்கூட இல்லம்மா, நான் துண்டு எடுத்தாரதுக்குள்ள பூட்டாரு."

பேசி முடித்ததும் விஷ்ணுப்ரியாவுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. காலையில் தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து அவளையே அறைந்தது. பதினாறு வருஷம் கூட இருந்தவரைப் பற்றி அப்படி ஒரு நினைப்பு எப்படி வந்தது, வந்ததை எப்படி வாய்விட்டுச் சொன்னோம் என்று அவமானமாக இருந்தது. கொம்பு வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். ரயில் உடைந்துபோனால் அவர் தன்னைத்தானே நொந்துகொள்வார், அதை இன்றைக்குப் பார்க்க முடியாது என்று தோன்றியது.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோது ஒன்றரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. தோத்தாத்ரி இறங்கினார். வெயிலில் வந்ததில் சட்டை காய்ந்து உப்புப் பூத்திருந்தது, பேண்ட் இன்னும் ஈரம். ஜன்னலில் அவள் நிற்கிற நிலையைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"என்ன பண்றே நீ?"

"கேள்வி அப்புறம். கதவை மெதுவாத் தொறங்கோ. காத்து அடிக்கக் கூடாது. பை விழுந்துடும்."

பூட்டைச் சத்தமில்லாமல் திறந்தார். கதவைத் தேவையான அளவு மட்டும் தள்ளி, ஒரு பக்கமாக நுழைந்து, கூடத்தில் அடிமேல் அடி வைத்து நடந்தார். குனிந்து இரண்டு கைகளையும் பைக்கு அடியில் கொடுத்தார்.

"பிடிச்சுட்டேன். விடு."

அவளால் விட முடியவில்லை. விரல்கள் மரத்துப்போய்க் கொம்போடு ஒட்டியிருந்தன. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கொம்பு கூடத்துத் தரையில் விழுந்து உருண்டது.

உள்ளே போய் ஜிப்பைத் திறந்து பார்த்தாள். நான்கு பெட்டிகளும் குழியில் அப்படியே இருந்தன. ஒன்றின் கூரைக் கை மட்டும் வளைந்திருந்தது. அதைத் தொடாமல் மூடினாள்.

"கிளம்பு" என்றார் தோத்தாத்ரி. "ஆட்டோ சொல்லியிருக்கேன், வந்துடும். தாம்பரத்துல எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிச்சா சென்ட்ரலுக்கு நேரத்துக்குப் போயிடுவே."

"போயிடுவேனா? நீங்க?"

"நான் வரலை. என் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன்."

"எப்போ?"

"போறச்சே. கேளம்பாக்கத்துல வண்டியை நிறுத்தி." கோபமே இல்லாமல் சொன்னார். "நான் பக்கத்துல உக்காந்தா நீ வழி பூரா பையையே பாத்துண்டு வருவே, இவர் என்ன பண்ணிடுவாரோன்னு. முதல் தடவையா போறே. நிம்மதியாப் போகணும்."

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தோத்தாத்ரி அவளுடைய துணிப்பையை மட்டும் எடுத்து அதில் வைத்தார். தன்னுடையதை வராந்தாவிலேயே விட்டார். விஷ்ணுப்ரியா போய் அதையும் தூக்கிக்கொண்டுவந்து ஆட்டோவில் போட்டாள்.

"பெருங்களத்தூர் போங்கண்ணா" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னாள். "பெங்களூர் பஸ் நிக்கற இடத்துல விடுங்க."

"பஸ்ஸா?" தோத்தாத்ரி பதறிவிட்டார். "பைத்தியமா உனக்கு? குலுங்கும் ப்ரியா. ஒட்டினதெல்லாம் விட்டுப்போகும். ட்ரெயின் டிக்கெட் கையில இருக்கு, நேரமும் இருக்கு."

"ஒரு டிக்கெட்தான் இருக்கு."

"மேஜைல வெக்கறச்சே எதாவது கழண்டிருந்தா?"

"ராத்திரி ரூம்ல உக்காந்து பத்தவெக்கறேன். நீங்க விளக்குப் பிடிங்கோ." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "வேணும்னு வெச்சேள்னு சொன்னேன். அது தப்பு. உங்களைப் பத்தி அப்படி நான் நெனச்சிருக்கவே கூடாது. நீங்க வரலைன்னா நானும் போகலை."

தோத்தாத்ரி போய் முனிரத்தினத்தின் வீட்டைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். சாவியை என்ன செய்வது என்று யோசித்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து, கிளியம்மாளின் அக்கா பெண் எண்ணுக்கும் சொல்லிவிட்டு வந்தார். ஈரப் பேண்ட்டை மாற்றிக்கொண்டு வாருங்கள், வீடு நாலு வாசல் தள்ளித்தானே என்று அவள் சொன்னதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"பரஸ்தானம் எடுத்தாச்சு. திரும்பி ஆத்துக்குள்ள போகக் கூடாது. மூணு மணிக்கு எமகண்டம் வேற ஆரம்பிக்கறது, அதுக்குள்ள ஊர் எல்லையைத் தாண்டணும்."

"சரி, ஏறுங்கோ" என்றாள் விஷ்ணுப்ரியா.

அவர் ஏறி உட்கார்ந்தார், சீட்டை நனைத்துவிடுவோமோ என்று ஓரமாக. அவள் தோளிலிருந்து ரயில் பையைக் கழற்றி அவர் மடியில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.